சட்டி நீதவான்

என் மச்சாள் வசந்தமலருக்கு நாற்பத்தாறாவது வயதில் ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மச்சாள் என்றால் என் கணவர் சிவானந்தனின் அக்கா. எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது முதல் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்களோடுதான் இருந்தார். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நோயாளிகளின் சளியையும் சிறுநீரையும் கண்ணாடித் தட்டில் வைத்து, அதில் என்ன கிருமி முளைக்கிறது என்று பார்த்துச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் எங்களைப் பரிசோதிப்பார். புதிதாக யார் வந்தாலும் ஒரு பகிடி விட்டுப் பார்ப்பார். முகம் சுருங்கினால் அந்த ஆளை அதற்குப் பிறகு மரியாதையோடு விட்டுவிடுவார். சிரித்தால் போச்சு, பிறகு விடவே மாட்டார். நான் கலியாணம் முடித்து வந்த முதல் நாளே சிரித்துவிட்டேன்.

ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளை கப்பலில வாறார், கப்பல் பிந்துது" என்பார். உண்மை என்னவென்றால், தகப்பன் நேரத்தோடு போய்விட்டார். கீழே மூன்று பேர் படிக்க இருந்தார்கள். அவர்கள் படித்து முடிய நாட்டில் சண்டை தொடங்கிவிட்டது. அதை அவர் யாருக்கும் சொல்வதில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதம் மெற்றில்டா ரீச்சர்தான் பேச்சைக் கொண்டுவந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிப்பவர். வீடு ஸ்ட்ரெதமில். அவருடைய பக்கத்து வீட்டில் இருந்தவர் தியாகராஜா. ஐம்பத்து மூன்று வயது, மனைவி இறந்து பல வருடம், பிள்ளைகள் இல்லை. ஒரு யப்பான் கப்பல் கம்பனியின் லண்டன் கந்தோரில் கணக்காளர்.

"அமைதியான மனுசன், கலா. புல்லு வெட்டினாலும் சத்தம் கேக்காது" என்றார் ரீச்சர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர், என் கணவர், துள்ளி எழுந்தார். "கப்பல் கம்பனியோ? அக்கா, உங்கட கப்பல் வந்திட்டுது!"

தன்னுடைய பகிடியைத் தம்பி எடுத்தது மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இவர் உடனே திட்டம் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுவம். கலா வடை சுடட்டும், கேசரி கிண்டட்டும். அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து குடுத்தால் சரி."

"தம்பி, இந்த வயதில தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்க என்னால ஏலாது" என்றார் மச்சாள். "வேணுமெண்டால் அவரைக் கொண்டுவரச் சொல்லு. நான் கதிரையில இருந்து பாக்கிறன்."

இவர் தியாகராஜாவுக்கு ரெலிபோன் எடுத்து, அக்கா வெளியில் சந்திக்க விரும்புகிறா என்று சுற்றி வளைத்துச் சொன்னார். மறுபக்கம் என்ன சொன்னதோ, ரிசீவரை வைத்துவிட்டு வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மனுசனுக்கு நல்ல சந்தோசம். சனிக்கிழமை ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடைக்கு வரட்டாம். மேசையில அடுப்பை வைச்சு, நடுவில சட்டியை வைச்சு, எல்லாரும் அதுக்குள்ளயே அவிச்சு அவிச்சுச் சாப்பிடுறதாம். குளிருக்கு நல்லதாம்."

"நல்லதுதானே" என்றேன்.

"ஒரே சட்டி, கலா! எல்லாரும் வாயில வைச்ச சாப்பாட்டுத் தடியைத்தான் அதுக்குள்ள விடுவினம். எச்சில்!"

எங்கள் வீட்டில் இது பெரிய விசயம். தண்ணீர்ப் போத்தலில் வாய் படக்கூடாது. கறி ருசி பார்த்த கரண்டி திரும்பச் சட்டிக்குள் போகக்கூடாது. நான் கடித்த அப்பிளில் மற்றப் பக்கத்தைக்கூட இவர் கடித்ததில்லை, கலியாணம் முடித்த புதிதில் ஒரு தடவையைத் தவிர.

"நூறு டிகிரியில கொதிக்கிற தண்ணிக்குள்ள ஒரு கிருமியும் நிக்காது. நான் பொறுப்பு" என்றார் மச்சாள்.

"கிருமி சாகும் அக்கா. எச்சில் சாகாது."

இதற்காக இவர் இரண்டாம் முறை ரெலிபோன் எடுத்தார். சட்டியிலிருந்து எடுப்பதற்கு வேறு தடி கேட்டு வாங்கலாம் என்று பதில் வந்தது. பிறகு மாட்டிறைச்சி ஞாபகம் வந்து மூன்றாம் முறை எடுத்தார். மீனும் இறாலும் போட்ட சட்டியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்றார் தியாகராஜா. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னரே இவரும் மாப்பிள்ளையும் நல்ல பழக்கமாகிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் புறப்படுவதற்கு முன் இவர் குசினிக்குள் போய் மத்தியானச் சோற்றை ஒரு கோப்பை நிறையப் போட்டுச் சாப்பிட்டார். "ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. கடை நிலத்துக்குக் கீழே, படியால் இறங்கவேண்டும். எங்களுக்கு வழி பிடிபடாதோ என்று பயந்து தியாகராஜா தெருவிலேயே நின்றார். உயர்ந்த, மெலிந்த மனிதர். சாம்பல் நிறக் கோட்டு. வெகுநேரம் நின்றிருக்கவேண்டும், மூக்கு நுனி சிவந்துபோயிருந்தது. எங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு மச்சாளின் பக்கம் திரும்பினார்.

"குளிருது என்ன?"

"தை மாசத்தில வேற என்ன செய்யும்?" என்றார் மச்சாள்.

தியாகராஜாவின் முகம் சுருங்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக் கொஞ்சம் யோசித்தார். "ஓம், அது சரிதான்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் படி இறங்கினார். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு விடை அவருடைய பரிசோதனையில் இதுவரை வந்ததில்லை.

உள்ளே கிமோனோ கட்டிய வயதான பெண் ஒருவர் தியாகராஜாவைக் கண்டதும் குனிந்து குனிந்து வணங்கினார். பிறகு எங்களைப் பார்த்து, நான்கு விரலைத் தூக்கிக் காட்டி, யப்பான் மொழியில் ஏதோ சந்தோசமாகச் சொன்னார். தியாகராஜாவின் காது இரண்டும் சிவந்தன. என்ன சொன்னா என்று இவர் கேட்டார். "இருங்கோ, இருங்கோ, உதில இருங்கோ" என்று அவர் எங்களை இருத்துவதிலேயே நின்றார்.

முதலில் ஆளுக்கொரு சுடுதுவாய் வந்தது. சுருட்டி, மூங்கில் தட்டில் வைத்து, ஆவி பறக்க. கை துடைப்பதற்கு என்று எனக்கு விளங்கியது. இவருக்கு விளங்கவில்லை. வெளிக்குளிரில் வந்த மனிதர் துவாயை விரித்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், காதுக்குப் பின்னாலும் துடைத்து "ஆ..." என்று ஒரு பெருமூச்சு விட்டார். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு யப்பான்காரர்கள் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பினார்கள். எனக்கு மேசைக்குக் கீழே போகலாம் போலிருந்தது. கையை மட்டும் அளவாகத் துடைத்து மடித்து வைத்திருந்த தியாகராஜா, தன் துவாயைத் திரும்ப எடுத்தார். விரித்தார். அவரும் முகத்தைத் துடைத்து, கழுத்தைத் துடைத்து, காதுக்குப் பின்னாலும் துடைத்துக்கொண்டார். "குளிருக்கு நல்ல சுகம்" என்றார் இவரிடம்.

இவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. மச்சாள் கவனித்தார்.

பிறகு அடுப்பு வந்தது. மண்சட்டி வந்தது. அதற்குள் தெளிந்த தண்ணீரில் கரும்பச்சையாக ஒரு கடற்பாசித் துண்டு கிடந்தது. அதன் பின்னால் ஒரு பெரிய தட்டம்: ஓட்டோடு இறால், வெள்ளை மீன் துண்டுகள், மட்டி, காளான், லீக்ஸ், சீனக் கோவா, பூப்போல வெட்டின கரட். ஓரத்தில் வெள்ளைக் கட்டிகள். சோயாப் பாலில் செய்கிறதாம். எல்லாம் பச்சை.

இவர் என் காதுக்குள், "சமைக்க மறந்திட்டினம்" என்றார்.

"நாங்கள்தான் சமைக்கோணும்" என்றேன்.

"அப்ப ஏன் கடைக்கு வந்தனாங்கள்?"

"தம்பி வீட்டில அடுப்புப் பக்கம் போறேல்லை. இஞ்சயாவது பழகட்டும்" என்றார் மச்சாள்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் தியாகராஜா மாறிப்போனார். தெருவில் மூக்குச் சிவக்க நின்ற கூச்சக்காரர் எங்கேயோ போய்விட்டார். கோட்டுக் கைகளை மடித்துவிட்டு, ஒரு நீளச் சோடித் தடியைக் கையில் எடுத்தார். எடுப்பதற்கு இதுமட்டும்தான் என்று இவருக்கு உயர்த்திக் காட்டினார். கடற்பாசியைத் தூக்கி வெளியே போட்டார்.

"முதல் கடினமான சாமான். கரட், கோவாத் தண்டு. பேந்து மீன். இலை கடைசி. இறால் நான் சொல்லேக்க."

நான் உதவி செய்வதாக நினைத்து ஒரு கோவா இலையைப் போடப் போனேன். அவருடைய தடி என் கைக்கு முன்னால் வந்து நின்றது. "குறை நினையாதேங்கோ. அது இப்ப வேண்டாம்."

"மீன்?" என்றார் இவர்.

"இன்னும் கொஞ்சம்."

"வெள்ளைக் கட்டி?"

"கிண்டாதேங்கோ, உடைஞ்சுபோம். அந்தப் பக்கம் வைச்சால் அந்தப் பக்கமே நிக்கட்டும்." சொன்ன பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. தடியை இறக்கினார். "மன்னிக்கோணும். எனக்கு இது ஒரு பழக்கம். கந்தோரில எனக்குப் பேரும் வைச்சவை."

"என்ன பேர்?" மச்சாள் முன்னுக்குச் சாய்ந்தார்.

சொல்லியிருக்கக்கூடாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் பிந்திவிட்டது. "யப்பானில ஒவ்வொரு சட்டிக்கும் இப்பிடி ஒரு ஆள் வந்து மாட்டுமாம். இதைப் போடு, அதை எடு, பொறு எண்டு மற்றவையை ஆட்டி வைக்கிற ஆள். அந்த ஆளுக்கு அவையின்ர பாசையில ஒரு சொல்லு இருக்கு. எங்கட தமிழில சொன்னால்... சட்டி நீதவான்."

மச்சாள் நிமிர்ந்து இருந்தார். எனக்குத் தெரியும், இனி விடமாட்டார்.

"கனம் நீதவான் அவர்களே" என்று தொடங்கினார். "இந்தக் கரட்டுக்கு எவ்வளவு காலத் தண்டனை?"

"அஞ்சு நிமிசம் மட்டில."

"பிணை கிடைக்காதோ?"

தியாகராஜா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பூப்போன்ற கரட் துண்டு ஒன்றைத் தடியால் புரட்டி, மெதுவாக அழுத்திப் பார்த்தார். "மெல்லிசா வெட்டினதுக்குப் பிணை குடுக்கலாம்" என்று சொல்லி அதை எடுத்து மச்சாளின் கிண்ணத்தில் வைத்தார்.

நானும் இவரும் சிரித்தோம். மச்சாள் சிரிக்காமல், அந்தக் கரட்டைப் புளிப்பும் சோயாவும் கலந்த சாற்றில் தோய்த்து மிக மரியாதையாகச் சாப்பிட்டார். நாளெல்லாம் இடுக்கியும் ஊசியுமாக வேலை செய்கிற கை. குச்சி பிடிக்க ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இவர் மாத்திரம் ஒரு குச்சியால் மீனைக் குத்தி மற்றக் குச்சியால் அது விழாமல் தடுத்து, வாயை மேசைக்குக் கொண்டுபோய்க் கொண்டிருந்தார்.

மீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உறைப்பு என்ற சொல்லே அந்தச் சட்டிக்குத் தெரியாது. இவர் இரண்டு துண்டு பொறுத்தார். பிறகு மெல்லக் கேட்டார், "தூள் ஏதும் கிடைக்குமோ?" தியாகராஜா ஒரு சின்ன மூங்கில் குப்பியைத் தள்ளிவைத்தார். ஏழு சாமான் இடித்த தூளாம், மிளகாயும் இருக்குதாம், ஒரு சிட்டிகை காணுமாம். இவர் குப்பியைக் கவிழ்த்து அடியில் தட்டினார். கிமோனோ அம்மா அடுத்த குப்பியைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இறாலுக்கு நேரம் வந்தது, மட்டி வாய் திறந்தது, கடைசியில் எனக்கு இலை போடும் உத்தரவும் கிடைத்தது. மேசை முழுக்க ஆவி. இவர் கோட்டைக் கழற்றிவிட்டார். வீட்டில் சாப்பிட்ட சோறு பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

"இஞ்ச கிழமைக்குக் கிழமை வாறனீங்களோ?" என்று மச்சாள் கேட்டார்.

"முந்தி வந்தனான். கந்தோர்ப் பொடியளோட. பேந்து அவையை யப்பானுக்குத் திருப்பி எடுத்திட்டினம். இப்ப மூண்டு வருசமாச் சட்டி சாப்பிடேல்லை."

"ஏன், வழி மறந்துபோச்சோ?"

"வழி தெரியும். ஒருநாள் தனிய வந்தும் பாத்தனான்." அவர் கரண்டியால் சட்டியின் மேலே மிதந்த நுரையை அள்ளினார். "ஒரு ஆளுக்கு இந்தச் சட்டி வைக்கமாட்டினம். குறைஞ்சது ரெண்டு பேராவது வேணும். அந்த அம்மாவுக்குச் சொல்லப் பெரிய கவலை. ஒரு கோப்பை நூடில்ஸ் தந்தா. சாப்பிட்டுட்டுப் போனன். அதுதான் இண்டைக்கு நாலு பேரைக் கண்டவுடனை விரலைக் காட்டினவ."

இவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் இந்த இடத்திலாவது வாயைத் திறக்கமாட்டார் என்று நம்பினேன்.

"அப்ப சட்டிக்கு ஆள் காணாமல்தான் பொம்பிளை தேடினீங்களோ?"

மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். தியாகராஜா தன் வழக்கப்படி யோசித்தார்.

"சட்டிக்கு மட்டுமெண்டால் மெற்றில்டா ரீச்சரின்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன். நல்லாச் சாப்பிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் போல் டாக்ஸ் வரியைப் பற்றித்தான் கதைப்பார்."

மச்சாளின் குச்சியிலிருந்து வெள்ளைக் கட்டி சாற்றுக்குள் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மற்றவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் அவருடைய வழக்கம். இன்னொருவர் சொன்னதற்கு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தியாகராஜாவும் பார்த்தார், பிறகு தானும் சிரித்தார். சிரித்தபோது பத்து வயது குறைந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சாள் சொன்னார், "சரி. பகிடி இல்லாமல் ஒண்டு கேக்கிறன். நான் காலமை போனால் இருட்டினாப் போலதான் வருவன். வந்து சோறு, கறி, சொதி எண்டு அடுப்படியில நிக்க எனக்கு ஏலாது. வீட்டிலயும் கலாதான் சமைக்கிறவ. சமைக்க ஆள் தேடுறியள் எண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ. கோவிக்கமாட்டன்."

தியாகராஜா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"இண்டைக்கு ஆர் சமைச்சது?" என்றார்.

மச்சாள் கிண்ணத்தை நீட்டி, "இன்னொரு இறால் போடுங்கோ" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கிமோனோ அம்மா ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறும் இரண்டு முட்டையும் கொண்டுவந்தார். மீனும் இறாலும் மட்டியும் அவிந்து ஊறிய அந்தச் சாற்றுக்குள் தியாகராஜா சோற்றைக் கொட்டி, முட்டையை அடித்து மேலே ஊற்றி, மூடி வைத்தார். மூடியைத் திறந்தபோது வந்த வாசத்தில் இவர் முகம் மலர்ந்ததை நான் என் கலியாண நாளிலும் பார்க்கவில்லை.

"சோறு! இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை!"

ஒரு கிண்ணம் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதாகக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளும் பொறுமை இவருக்கு இல்லை. தன் வாயிலிருந்து எடுத்த கரண்டியை நேரே சட்டிக்குள் விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தார். திரும்பவும் விட்டார். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்டி வாய்க்குள் இருக்கும்போதுதான் இவருக்கு உறைத்தது.

"என்ன?"

"ஒண்டுமில்லைத் தம்பி" என்றார் மச்சாள். "எச்சில் செத்துப்போச்சு. நீ சாப்பிடு."

இவர் தடுமாறினார். "அது... வேற ஆக்கள் எண்டால்தானே. இதில எல்லாரும் எங்கட வீட்டு ஆக்கள்தானே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று இவருக்குத் தெரிந்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. தியாகராஜா அவசரமாக அடுப்பை அணைக்கப் போனார். திருகை மற்றப் பக்கம் திருப்பிவிட்டார். நெருப்பு குபீரென்று எழும்பியது. மச்சாள்தான் கையை நீட்டி அணைத்தார்.

திரும்பி வரும் ரயிலில் இவர் தன் தீர்ப்பைச் சொன்னார்: "நல்ல மனுசன். ஒரு குறைதான், சோறு கடைசியிலதான் வருது." மச்சாள் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையோ வெளியில் போன ஸ்ட்ராட்போர்ட் வெளிச்சங்களையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன பதில் சொல்லட்டும் அக்கா?"

"அவர் ஏதும் கேட்டவரோ?"

"இல்லை."

"கேக்காததுக்கு என்னத்துக்குப் பதில்?"

நடுக்கிழமையில் ரெலிபோன் அடித்தது. இவர் எடுத்தார். இரண்டு ஆண்களும் பனி பெய்யுமா பெய்யாதா என்று வெகுநேரம் ஆராய்ந்தார்கள். கடைசியில் இவர், "அக்காவிட்டைக் குடுக்கிறன்" என்றார்.

மச்சாள் வாங்கி, நின்றபடியே பேசினார். "ஓம்... ஓம்... சனிக்கிழமை ஏலும். இல்லை, ரெண்டு பேருக்குச் சொன்னால் காணும். தம்பியாக்கள் வரமாட்டினம், தம்பிக்கு வீட்டில வேலை இருக்கு."

"எனக்கு என்ன வேலை?" என்றார் இவர்.

மச்சாள் ரிசீவரைக் கையால் பொத்தினார். "தேடு."

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகள் அப்படியே போயின. மச்சாள் ஒன்றும் சொல்லமாட்டார். கோட்டைத் தொங்கவிடும்போது அதிலிருந்து மீன் சாற்றின் வாசம் மட்டும் வரும். இவர் மணந்துவிட்டு, "சோறு வந்ததோ?" என்று கேட்பார். வேறு எதைக் கேட்பது என்று இவருக்குத் தெரியவில்லை. மெற்றில்டா ரீச்சர் ஒவ்வொரு கிழமையும் பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார். புல்லு வெட்டினாலும் சத்தம் கேட்காத பக்கத்து வீட்டில் இப்போது விசிலடிக்கும் சத்தம் கேட்கிறதாம்.

பங்குனி கடைசியில் ஒரு சனிக்கிழமை மச்சாள் நேரத்தோடு வந்துவிட்டார். எனக்குப் பயம் பிடித்தது.

"என்ன மச்சாள், சண்டையோ?"

"இல்லை. சட்டிக்காலம் முடியுதாம். சூடு வந்தால் கடையில வைக்கமாட்டினமாம். இனிச் சனிக்கிழமையில என்ன செய்யிறது எண்டு அவர் கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "கலியாணத்தைக் கட்டுவம், வேற என்ன செய்யிறது எண்டன்."

நான் சத்தம் போட்டதில் இவர் மேலே இருந்து ஓடி வந்தார். "என்ன, என்ன?" விசயத்தைச் சொன்னதும் இவர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, கை நோகுது" என்றார் மச்சாள். இழுத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாதம் பதிவு எழுத்தும், பிறகு கோயிலில் தாலியும் நடந்தது. பட்டுச்சேலைக்கு மேல் மச்சாள் ஒரு சாதாரண கம்பளிச் சட்டை போட்டிருந்தார், மழை. மெற்றில்டா ரீச்சர் எல்லோரையும்விட அதிகம் அழுதார். அவருடைய கணவர் போல் டாக்ஸ் பற்றி இவரிடம் கதைத்தார்.

அடுத்த ஞாயிறு மச்சாளின் சூட்கேசுகளையும் தையல் மெசினையும் எங்கள் பழைய டொயோட்டாவில் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ரெதமுக்குப் போனோம். மத்தியானச் சாப்பாடு தியாகராஜா அண்ணை தானே சமைத்திருந்தார். பருப்பில் உப்பே இல்லை. கத்தரிக்காயில் இரண்டு தரம் போட்டுவிட்டார். அவர் தலை குனிந்து நிற்க, மச்சாள் இரண்டையும் சோற்றோடு குழைத்து ஒரு வாய் வைத்தார்.

"சேத்துச் சாப்பிட்டால் கணக்குச் சரி வருது. கணக்காளர்தானே" என்றார்.

பின்னேரம் நாங்கள் புறப்பட்டோம். இருவரும் வாசலுக்கு வந்தார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த காலத்தில், நாங்கள் கடைக்குப் போனாலும், கார் மூலையில் திரும்பி மறையும்வரை மச்சாள் வாசலில் நின்று கை காட்டுவார். மழையோ பனியோ, அதில் மாற்றமில்லை. அந்த நினைப்பில் நான் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினேன். கதவு சாத்தியிருந்தது.

இவரும் கண்ணாடியில் பார்த்திருக்கவேண்டும். பிரிக்ஸ்டன் வரைக்கும் அந்தக் கண்ணாடியையே பார்த்துப் பார்த்து ஓட்டினார். அங்கே சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார்.

"அக்கா வாசலில நிக்கேல்லை."

"ஓம்."

"நாங்கள் திரும்ப முதலே கதவைச் சாத்திட்டா. என்னில ஏதும் கோவமோ?"

"கோவமில்லை. அவர் என்னவோ சொன்னவர். அதுக்குச் சிரிச்சுக்கொண்டு உள்ள போனவ. நான் பாத்தனான்."

இவர் ஸ்டியரிங்கை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"வடிவாப் பாத்தனான்" என்றேன், சாத்திய கதவை மட்டுமே பார்த்த நான்.

பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ தெரியாது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். இவர் கையைத் தூக்கி அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரை எடுத்தார்.